ஆகஸ்டு 15 அன்று கும்பக்கரையிலிருந்து வட்டக்கானலுக்கு ஓடி ஏறுவது எப்படி

சுதந்திர தினத்தன்று தொலைக்காட்சியில் கொடியேற்றத்தைப் பார்த்துவிட்டு மதியம் வரை தூங்குவதில் தவறொன்றும் இல்லை. நானும் பல ஆண்டுகள் அந்த விடுமுறையை அப்படித்தான் கழித்தேன். நாற்பது வயதுக்குப் பிறகு ஓடப் பழகியதும், அந்த நாளுக்கென்று ஒரு மலைப்பாதையை வைத்துக்கொண்டேன். பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையில் அடிவாரத்தில் தொடங்கி, வெள்ளகவி என்ற மலைக்கிராமத்தைக் கடந்து, டால்பின் நோஸ் பாறை வழியாகக் கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் போய் முடிகிற ஒற்றையடிப் பாதை அது. தூரம் பதினைந்து கிலோமீட்டர் அளவுதான் என்று கேள்விப்படுகிற சமவெளி ஓட்டக்காரர்கள் அதை இரண்டு மணி நேர வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பதினைந்து கிலோமீட்டருக்குள் 1,500 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கிறது என்பதை அவர்களுடைய தொடைகள் பிறகுதான் தெரிந்துகொள்கின்றன.

இந்தப் பாதையை, அதுவும் இந்த நாளில், தேர்ந்தெடுத்ததற்கு எனக்கொரு குடும்பக் காரணம் உண்டு. மதுரையிலிருந்து பெரியகுளத்துக்கு வத்தலக்குண்டு வழியாகப் போவதே எளிது. நான் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று சுற்றிக்கொண்டுதான் போவேன். உசிலம்பட்டிப் பக்கத்தில் பிறந்த என் பூட்டனார், சில சாதிகளைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை பதிக்கப்பட்டவர். இரவானால் போலீஸ் கச்சேரிக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு அங்கேயே படுத்து எழுந்து வர வேண்டும் என்றும், வெளியூரில் ஒரு சாவுக்குப் போவதானாலும் ராதாரிச் சீட்டு வாங்காமல் ஊரெல்லையைத் தாண்டக் கூடாது என்றும் என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பதிவுக்கு உடன்பட மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி காவல்துறை சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் நீங்கியது. நாடு முழுவதும் அது நீங்க 1952 ஆகஸ்டு 31 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், நாட்டின் எப்பகுதிக்கும் தடையின்றிச் சென்றுவரும் உரிமையைத் தன் 19ஆவது உறுப்பில் ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் எழுதிக் கொடுத்தது. விடியற்காலை மூன்று மணிக்கு வாசற்கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வண்டியேறுகிறாள், எங்கே போகிறாய் என்று எந்தக் கச்சேரியும் அவளைக் கேட்பதில்லை என்பது எங்கள் வீட்டில் நான்கு தலைமுறைகளுக்குள் நடந்த மாற்றம்.

அனுமதி பற்றி

ஓட்டக்காரர்களிடம் அதிகம் முணுமுணுப்பு எழுவது இந்த இடத்தில்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாதை காட்டுக்குள் போகிறது. மேற்பகுதிக் காடுகள் 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தவை. வனத்துறையின் அனுமதியும், பாதை தெரிந்த ஒருவரின் துணையும் இல்லாமல் இதில் கால் வைக்கக் கூடாது. 2018 மார்ச்சில் இதே தேனி மாவட்டத்தின் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்த பிறகு, மாநில அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளை வகுத்தது. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் எந்தெந்தப் பாதைகள் எப்போது திறந்திருக்கின்றன என்று பாருங்கள்; அதோடு நின்றுவிடாமல், அடிவாரப் பகுதிக்குரிய தேவதானப்பட்டி வனச்சரக அலுவலகத்திலும் மேலே கொடைக்கானலிலும் ஒரு மாதத்துக்கு முன்பே நேரில் கேட்டுவிடுங்கள். தீக்காலமான பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை பொதுவாக எந்த மலைப்பாதையும் திறந்திருக்காது. ஆகஸ்டில் தீ பயமில்லை; ஆனாலும் யானை நடமாட்டமோ வெள்ளமோ இருந்தால் முதல்நாள் மாலையில்கூட வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், அப்படிச் சொன்னால் திரும்பிவிட வேண்டியதுதான்.

சுதந்திர நாட்டில் காட்டுக்குள் ஓடவும் சீட்டு வேண்டுமா என்று என்னுடன் ஓடும் தம்பி ஒருவர் ஒருமுறை சலித்துக்கொண்டார். என் பூட்டனாரின் சீட்டு அவர் யார் வயிற்றில் பிறந்தார் என்பதற்காகக் கொடுக்கப்பட்டது. இந்தச் சீட்டு நான் எங்கே போகிறேன் என்பதற்காகக் கொடுக்கப்படுகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்பதும் அதே 19ஆவது உறுப்பில்தான் இருக்கிறது.

டோலியை நினைத்துப் பயிற்சி செய்யுங்கள்

மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிக் குடியேறினார்கள். மலைச்சாலை வருவதற்கு முந்தைய அந்தக் காலத்தில் பெரியகுளம் பக்கத்திலிருந்து மேலே போன வெள்ளைக்காரர்களில் பலரும் சொந்தக் காலால் ஏறவில்லை. குதிரையில் போனார்கள், அல்லது டோலியில் உட்கார்ந்துகொள்ள, அடிவாரத்து மக்கள் அவர்களைத் தோளில் சுமந்து ஏறினார்கள். இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். வாகனச் சாலை இல்லாமல் நெடுங்காலம் காத்துக் கிடந்த வெள்ளகவியில் நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் டோலி கட்டித்தான் தூக்கிப் போயிருக்கிறார்கள். நாம் விடுமுறைக்குத் தேடி வந்து ஓடுகிற பாதை அவர்களுக்கு வேறு வழியில்லாத பாதை. அங்கே உங்கள் கணுக்கால் பிசகினால் உங்களையும் அந்த ஊர்க்காரர்கள்தான் சுமந்தாக வேண்டும். என்னை யாரும் சுமக்க நேரக் கூடாது என்பதையே பயிற்சியின் அளவுகோலாக வைத்துக்கொண்டால், எவ்வளவு பயிற்சி போதும் என்ற கேள்விக்கு விடை தானாகக் கிடைத்துவிடும்.

பத்துக் கிலோமீட்டரை நிற்காமல் ஓடக்கூடியவருக்குப் பன்னிரண்டு வாரங்கள் வேண்டும். வாரத்தில் இரண்டு நாட்கள் சமவெளியில் முக்கால் மணி நேரம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடுங்கள். ஒரு நாள் ஏற்றம், வார இறுதியில் ஒரு நீண்ட ஓட்டம். மதுரைக்காரர்களுக்கு அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கைக்குப் போகும் மலைச்சாலை இருக்கிறது. பழனி அருகில் இருப்பவர்கள் ஏறக்குறைய 700 படிகளையும் யானைப்பாதையையும் கூட்டமில்லாத விடியற்காலையில் பயன்படுத்தலாம். பக்தர்களை இடித்துக்கொண்டு ஓடுவது அழகல்ல. மலையே இல்லாத ஊரில் பத்து மாடிக் குடியிருப்பின் படிக்கட்டும் மலைதான். ஒரு மாடி மூன்று மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒருமுறை ஏறுவது 30 மீட்டர். ஐம்பது முறை ஏறினால் இந்த மலையின் உயரம் வந்துவிடும். ஒரே நாளில் ஐம்பது முறை ஏற வேண்டியதில்லை. பத்தாவது வாரத்தில் இருபது முறை ஏறி இறங்கிவிட்டு, மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போக முடிந்தால் போதும்.

இறக்கத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏறும்போது தொடைத்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது உடலின் எடையைத் தாங்கிப் பிடித்தபடியே நீள்கிறது. தசையை அதிகம் நோகச் செய்வது இந்த இரண்டாவது வேலைதான். நல்ல செய்தி என்னவென்றால், ஓரிரு முறை இறக்கத்தில் ஓடி நொந்த தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவு நோவதில்லை. ஆகவே மின்தூக்கியில் இறங்கி ஏமாற்றாமல், படியிலேயே சிறு அடிகளாக வைத்து இறங்குங்கள். நாம் போவது ஏற்றப் பாதைதானே என்று கேட்கலாம். பாதி வழியில் வானம் கெட்டுத் திரும்ப நேர்ந்தால் அது முழு இறக்கப் பாதையாகிவிடும்.

நேரக் கணக்கு

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் என்ற மலையேற்றக்காரர் 1892இல் ஒரு கணக்குச் சொன்னார். இன்றும் அதைவிட எளிய கணக்கு இல்லை. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். நம் பாதைக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மூன்று மணி, 1,500 மீட்டருக்கு இரண்டரை மணி, ஆக ஐந்தரை மணி நேரம். இது நல்ல நடைக்காரருக்கான கணக்கு. பயிற்சி பெற்ற ஓட்டக்காரர் இதில் ஒன்றரை மணி நேரத்தைக் குறைக்கலாம். முதல்முறை வருபவர் எதையும் குறைத்துக்கொள்ளாமல் திட்டமிட வேண்டும். காலை ஆறேகாலுக்குத் தொடங்கினால் பகல் பன்னிரண்டுக்குள் வட்டக்கானல். பத்தரை மணிக்குள் வெள்ளகவியைத் தாண்டவில்லையென்றால் மேலே ஓடுவதை விட்டுவிட்டு, நடந்தே முடிப்பதா, அங்கேயே சற்று இளைப்பாறுவதா என்று வழிகாட்டியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆறேகாலுக்கு முன்பு தொடங்காததற்குக் காரணம் யானை. அடிவாரக் காட்டில் இருள் பிரியாத நேரம் அவற்றுக்கு உரியது.

எடுத்துக்கொள்ள வேண்டியவை

அடிப்பாகத்தில் ஆழமான பற்கள் கொண்ட, குறைந்தது எண்பது கிலோமீட்டராவது ஓடிப் பழகிய காலணி வேண்டும். புதுக் காலணியை இந்த மலையில் சோதித்துப் பார்த்ததற்கு நான் இரண்டு கால் நகங்களைக் கொடுத்தேன். நகத்தை இரண்டு நாட்களுக்கு முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள். விரலிடுக்கிலும் குதிகாலிலும் வாஸ்லின் தடவுங்கள்.

கீழேயிருந்து இரண்டு லிட்டர் தண்ணீராவது சுமந்து வர வேண்டும். வெறும் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைசுற்றலும் குழப்பமும் வரும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் குடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு லிட்டரில் ஓஆர்எஸ் கரைத்துக்கொள்ளுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். சாப்பிடுவதற்குக் கடலைமிட்டாயை மிஞ்சியது எதுவுமில்லை என்பது என் கட்சி. வெளிநாட்டுப் பசைப் பொட்டலங்களுக்குக் கொடுக்கிற காசுக்கு ஒரு கிலோ வாங்கலாம். பசி எடுக்கும் வரை காத்திருக்காமல், முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு துண்டைக் கடித்துக்கொள்ளுங்கள்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி வெப்பம் குறையும். அடிவாரத்தில் வியர்த்து ஊற்றுகிற அதே நாளில் வட்டக்கானலில் பத்து டிகிரி குறைவாக, மூடுபனியும் காற்றுமாக இருக்கும்; நனைந்த சட்டையோடு ஐந்து நிமிடம் நின்றால் பல் கிட்டிவிடும். மடித்தால் கைக்குள் அடங்குகிற மழைச்சட்டை ஒன்று கட்டாயம். மேலே உங்களை அழைத்துப் போக வண்டி வருமானால், அதற்குக் கொடைக்கானல் இ-பாஸ் முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து அந்த நடைமுறை இருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகள் அங்கே தடைசெய்யப்பட்டவை, வண்டியில்கூட வைத்திருக்க வேண்டாம்.

மலையில்

குறைந்தது மூன்று பேராகப் போங்கள்: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணையிருக்க, இன்னொருவர் உதவி தேடிப் போகலாம். கைப்பேசிக்குப் பாதையின் பெரும்பகுதியில் தொடர்பு கிடைக்காது. 108ஐ அழைக்க முடிந்தாலும் வண்டி உங்களிடம் வந்து சேர வழியில்லை. பாம்பு கடித்தால் கீறுவது, கட்டுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது; கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, ஆளைச் சுமந்து கொண்டு போக வேண்டும்.

முதல் ஒரு மணி நேரத்தை வேண்டுமென்றே மெதுவாகக் கழியுங்கள். அடிவாரக் காடு வெக்கையானது, காற்று குறைவு. அங்கே உற்சாகத்தில் ஓடியவர்களை வெள்ளகவிக்கு முன்பே பாறையில் உட்கார்ந்திருக்கக் காணலாம். சரிவு கூடும் இடத்தில் ஓட்டத்தை விட்டுவிட்டு, உள்ளங்கையை முழங்காலுக்கு மேல் தொடையில் ஊன்றி, சிறு அடிகளாக வைத்து நடப்பதுதான் வேகம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு வழிகாட்டியாக வந்த வெள்ளகவிக்காரர் ஓடவே இல்லை, வெறும் காலோடு பீடியைப் பற்றவைத்தபடி நடந்தார். நான் அவரைப் பிடித்தது அவர் நின்ற இடங்களில் மட்டும்தான்.

ஆகஸ்டில் இந்தச் சரிவில் மேற்குப் பக்கத்தைப் போல அடைமழை இருக்காது. ஆனால் மேல்மலையில் இரவு பெய்த மழை, கீழே வெயிலடிக்கும்போதே ஓடைகளில் திடீரென்று இறங்கும். கும்பக்கரை அருவியில் குளிக்கத் தடை விதிக்கப்படுவதும் பெரும்பாலும் இதனால்தான். ஓடை நீர் கலங்கி, இலைச்சருகு மிதந்து வந்தால் கடக்காமல் காத்திருங்கள். காட்டெருமையைக் கண்டால் நின்றுவிடுங்கள். அது தானாக விலகும் வரை பாதை அதற்குச் சொந்தம். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் ஒருபோதும் புகக் கூடாது.

வெள்ளகவியில் ஒரு காரியம் இருக்கிறது. ஓட்டக்காரர்கள் அதை நேர விரயம் என்று கருதாமல் திட்டத்திலேயே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். கோயில்கள் நிறைந்த அந்த ஊருக்குள் யாரும் காலணி அணிவதில்லை. முதல்முறை போனபோது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஊர் எல்லைக்குள் நுழையப் போன என்னை, எலுமிச்சை மூட்டை ஏற்றிய குதிரையோடு எதிரே வந்த பெரியவர் ஒருவர் நிறுத்தி, “செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்க தாயி” என்றார். உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தேன். ஈரத்தில் ஊறிய காலுறையை உருட்டிக் கழற்றியபோது, கணுக்காலுக்குக் கீழே குண்டாகி உருண்டிருந்த அட்டை ஒன்று விழுந்து, அது கடித்த இடத்திலிருந்து ரத்தம் மெல்லிய கோடாகக் குதிகால் வரை இறங்கியது. பெரியவர் மடியிலிருந்து சுண்ணாம்புச் சிமிழை எடுத்து நீட்டிவிட்டு, குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டு நின்றார். குளிர்ந்த கல்மீது வெறுங்காலை வைத்தபோதுதான் இரண்டு மணி நேரமாக நான் தரையைத் தொடவே இல்லை என்று பட்டது. எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டார். உசிலம்பட்டிப் பக்கம், ஐயா, என்றேன். “அம்புட்டுத் தூரத்துல இருந்து சும்மா ஓடவா வந்த?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் அன்று விடையில்லை. ஆமாம், சும்மா ஓடத்தான் வந்தேன் என்பதே அதன் விடை என்று பிறகு புரிந்தது. ஒரு வேலையும் இல்லாமல், ஒருவருக்கும் கணக்குச் சொல்லாமல் இவ்வளவு தூரம் வர முடிந்ததுதானே அந்த நாளின் விசேஷம்.

ஊருக்குள் கடிகாரத்தை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் வேண்டுமானால் கேட்டு வாங்குங்கள். அது யாரோ சுமந்து வந்ததாக இருக்கலாம் என்பதால் முகம் கழுவ வேண்டாம். வீடுகளையும் ஆட்களையும் படம் எடுக்காதீர்கள். எலுமிச்சையோ ஆரஞ்சோ காப்பிக்கொட்டையோ அந்தப் பருவத்தில் இருப்பதை விலை பேசாமல் கொஞ்சம் வாங்குங்கள். நன்றி என்பதை எப்படிச் சொல்வது என்று தயங்குகிற என்னைப் போன்றவர்களுக்கு இது சுலபமான வழி.

ஊரைத் தாண்டியதும் தோட்டங்கள் முடிந்து சோலைக்காடு வரும். அங்கே நின்றால் அட்டை ஏறும், நடந்தால் அவ்வளவாக ஏறாது. ஏறியதை இழுத்துப் பிய்க்காமல், நகத்தை அதன் வாய்ப்பக்கம் கொடுத்து நெம்பி எடுங்கள்; ரத்தம் சற்று நேரம் வடியும், பயப்பட வேண்டாம். டால்பின் நோஸுக்கு முந்தைய கடைசி ஏற்றம்தான் மிகக் கடினமானது: மண் அரித்து வேர்கள் வெளியே நிற்கும், ஈரத்தில் அவை பாறையைவிட வழுக்கும், அதற்குள் தொடையும் தளர்ந்திருக்கும். வேரின்மேல் மிதிக்காமல் வேர்களுக்கு இடையில் பாதத்தை வையுங்கள். விடுமுறை நாள் என்பதால் பாறையில் கூட்டம் நெரியும்; கைப்பேசியை நீட்டிக்கொண்டு பின்னால் நகர்கிறவர்களுக்கு நாம் ஏறி வருவது தெரியாது. அங்கிருந்து வட்டக்கானல் வரை ஓடாமல் நடந்து, எதிரே இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டுப் போவதே நல்லது.

முடித்த பிறகு

வட்டக்கானலில் முதல் வேலை, உலர்ந்த சட்டைக்கு மாறுவது. தேநீர், முட்டை, பிறகு அரை மணி நேரம் மெதுவான நடை. வழிகாட்டிக்குப் பேசிய தொகையை அங்கேயே கொடுத்துவிடுங்கள்; அவருக்குத் திரும்பி இறங்க வேண்டிய மலை இன்னும் பாக்கி இருக்கிறது. வண்டியில் ஏறியவுடன் தூங்கிவிடாமல் கால்களை அவ்வப்போது நீட்டி மடக்குங்கள், இல்லாவிட்டால் மலைச்சாலையின் வளைவுகளில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும்.

திரும்பும் வழியில் நான் பெருங்காமநல்லூர் நினைவுத்தூணுக்குப் போய்விட்டுத்தான் வீடு சேர்வது வழக்கம். கொஞ்சம் சுற்றுத்தான். உங்களுக்கும் அங்கே போகத் தோன்றினால் உடன் யாரையாவது அழைத்துக்கொண்டு போங்கள். மலையேறிய அன்று தரையில் உட்கார்ந்துவிட்டால், எழுந்திருக்க ஒரு கை வேண்டியிருக்கும்.